எடை கூட்டக் கிளம்பும் முன் யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

ஒல்லியாக இருப்பவருக்குக் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் இரண்டே சொல்தான்: "நல்லா சாப்பிடு." சொல்கிறவர்கள் அத்தோடு விடுவதும் இல்லை. "காத்தடிச்சா பறந்துடுவே", "வீட்டுல சோறு போடுறதில்லையா?", "திங்கிறதெல்லாம் எங்கேதான் போகுது?" என்று பந்தி நடுவில் கேட்பார்கள். கேட்கப்பட்டவர் சிரித்து மழுப்பிவிட்டு, மறுநாள் முழங்கை மறைகிற மாதிரி சட்டை தேடுவார். எரிச்சல்கூடப் பெரிதில்லை, கூடவே வருகிற வெட்கம்தான் பெரிது. அந்த வெட்கத்தால்தான் யாரிடமும் கேட்காமல் தனியாக முயற்சி தொடங்குகிறது. தனியாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே குழிகளில், அதுவும் ஒரே வரிசையில் விழுகிறார்கள். ஒன்றிரண்டு வருடம் அதிலேயே போய்விடும். அந்த வரிசைப்படியே சொல்கிறேன்.

முதல் குழி, வெறி பிடித்த மாதிரி சாப்பிடுவது. ஒரு நாள் கோபத்தில் முடிவெடுத்து, மூன்று வேளையும் தட்டை இரண்டு மடங்காக்கிவிடுவார்கள். முதல் நாள் சமாளிக்கலாம். இரண்டாம் நாள் வயிறு கல் மாதிரி ஆகும். மூன்றாம் நாள் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும். நான்காம் நாள் அரை வயிற்றோடு எழுந்துவிடுவார்கள், ஆனால் நினைவில் நிற்பது அந்த முதல் நாள் தட்டுதான். "அவ்வளவு சாப்பிட்டும் உடம்பில் ஒட்டலையே" என்று அங்கிருந்துதான் சொல்லத் தொடங்குகிறார்கள். வாரத்துக்குக் கூட்டி ஏழால் வகுத்துப் பார்த்தால் பழைய அளவுக்கு மேல் ஒன்றும் ஏறியிருக்காது. உடம்பும் தன் பங்குக்கு ஒரு வேலை செய்கிறது. 1999-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவின் குழு, 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் தேவைக்கு மேல் 1,000 கலோரி கொடுத்துப் பார்த்தது. ஒருவருக்குக் கூடிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், அவர்கள் அறியாமலே செய்த அசைவுகள்: காலாட்டுவது, நிமிர்ந்து உட்காருவது, சும்மா எழுந்து நடப்பது. சிலருக்கு அந்தக் கணக்கில் மட்டும் தினமும் 700 கலோரி வரை கூடுதலாகச் செலவாகியிருந்தது. ஆக, சிலருக்கு எடை ஏறுவது மற்றவர்களைவிடக் கடினம் என்பது உண்மைதான். ஏறவே ஏறாது என்று அதற்கு அர்த்தமில்லை.

இரண்டாவது குழி, டப்பா. எடை கூட்டும் பவுடர் டப்பாவைத் திருப்பி, பின்பக்க லேபிளைப் படியுங்கள். மூலப்பொருள் பட்டியலில் எது அதிக அளவில் இருக்கிறதோ அதைத்தான் முதலில் போடுவார்கள். பல டப்பாக்களில் முதலில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கும். அது ஸ்டார்ச்சை உடைத்துச் செய்த ஒரு மாவு, கிராமுக்கு 4 கலோரி, சர்க்கரைக்கும் அதே 4தான். அடுத்து "ஒரு வேளைக்கு" என்று எத்தனை கிராம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். முன்பக்கம் 1,000 கலோரி என்று கொட்டை எழுத்தில் இருந்தால், பின்பக்கம் ஒரு வேளை அளவு 250, 300 கிராம் என்று இருக்கும். ஒரு கிலோ டப்பா மூன்று நாலு தடவைக்குத்தான் வரும். அதை மாதம் முழுக்க ஒவ்வொரு கரண்டியாகப் போட்டுக் குடித்துவிட்டு, கிடைத்தது வெறும் நூற்றுச்சொச்சம் கலோரி என்பது தெரியாமல் அடுத்த டப்பா வாங்குவார்கள். பவுடரில் விஷம் ஒன்றும் இல்லை. அந்தக் காசுக்குச் சமையலறையில் இருக்கிற பொருளே அதிகம் தரும், அவ்வளவுதான்.

மூன்றாவது குழிதான் ஆபத்தானது: "ஒரே மாசத்துல பத்து கிலோ" மாத்திரை. பெயரில்லாத பொட்டலமாகவோ, "இயற்கை மூலிகை" என்று ஒட்டிய புட்டியிலோ வரும். இப்படி விற்பவற்றில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்படுபவை இரண்டு. ஒன்று சைப்ரோஹெப்டடின், அலர்ஜிக்குக் கொடுக்கிற மருந்து. அது பசியைத் தூண்டும், கூடவே நாள் முழுக்கத் தூக்கம் தள்ளும். நிறுத்தினால் பசியும் போய்விடும். இன்னொன்று டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. இதில் முகம் சில வாரங்களிலேயே உப்பிவிடும், கன்னம் வட்டமாகும். பார்க்கிறவர்கள் "அட, உடம்பு போட்டிருச்சே" என்பார்கள். வருடக்கணக்கில் கேலி கேட்டவருக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு இனிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, அதனால்தான் நிறுத்த மனம் வராது. ஏறியதோ நீரும், வயிற்றிலும் முகத்திலும் சேர்ந்த கொழுப்பும். கை காலில் தசை கரைந்துகொண்டிருக்கும், ரத்தச் சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். வாரக்கணக்கில் சாப்பிட்டவர் பயந்து திடீரென்று நிறுத்தினால் அது இன்னும் ஆபத்து. சிறுநீரகத்தின் மேல் இருக்கிற அட்ரீனல் சுரப்பி, வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருகிறதென்று தன் உற்பத்தியைக் குறைத்து வைத்திருக்கும். தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரை போகலாம். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இந்த மூன்று குழிக்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை அநேகமாக எல்லோரும் கடைசியில்தான் செய்கிறார்கள்: எடை குறைவுக்கு நோய் காரணமா என்று பார்ப்பது. முதலில் உண்மையிலேயே எடை குறைவுதானா என்று கணக்குப் போடுங்கள். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 18.5-க்குக் கீழ் வந்தால் எடை குறைவு. 170 சென்டிமீட்டர் உயரத்துக்கு அந்தக் கோடு சுமார் 53.5 கிலோ. 55 கிலோவில் இருந்துகொண்டு ஊர் சொல்கிறதே என்று கவலைப்படுகிறவருக்கு வேண்டியது தசை மட்டும்தான். சின்ன வயதிலிருந்தே ஒல்லி, அப்பா அம்மாவும் ஒல்லி, எடை வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை. முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருடத்தில் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் கதை வேறு. 60 கிலோக்காரருக்கு அது 3 கிலோ. நன்றாகப் பசித்துச் சாப்பிட்டும் மெலிந்தால் தைராய்டு அதிகச் சுரப்பு, சர்க்கரை நோய்; இருமலும் மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் இருந்தால் காசநோய்; அடிக்கடி வயிற்றுப்போக்கு என்றால் குடல் கோளாறு, புழு. மனச்சோர்வும் எடையைத் தின்னும். ரத்த அணுக்கள், டிஎஸ்ஹெச் என்கிற தைராய்டுப் பரிசோதனை, சர்க்கரை, மலப் பரிசோதனை, தேவைப்பட்டால் மார்பு எக்ஸ்ரே என்று மருத்துவர் பார்த்துவிடுவார். ஒரு நுணுக்கம்: கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்து, நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போனால் முடிவு தவறாக "இல்லை" என்று வரலாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தம் கொடுக்க வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோயிருந்தால், அது உடம்புக்குப் போதிய சாப்பாடு வரவில்லை என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். எடை ஏறுவதை நினைத்தாலே உள்ளுக்குள் பயம் வருகிறவர்களுக்கு உணவுப் பட்டியல் உதவாது, அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

மேலே போட்ட கணக்கு 16-க்குக் கீழே வந்தாலோ, பத்து நாளுக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல் கிடந்திருந்தாலோ, வீட்டில் தானாக அள்ளிச் சாப்பிட்டு எடை ஏற்றக் கூடாது. பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று மாவுச்சத்து கொட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சட்டென்று இறங்கும், இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். மருத்துவர் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

நோய் இல்லை என்று தெரிந்த பிறகு முதலில் வாங்க வேண்டியது ஒரு நோட்டும், கிராம் காட்டுகிற சின்ன சமையல் தராசும். ஏழு நாள், எதையும் மாற்றாமல், வழக்கமாகச் சாப்பிடுவதை எடை போட்டு, கலோரிக் கணக்கோடு எழுதுங்கள். ஞாயிறும் அதில் வர வேண்டும். இது சலிப்பான வேலைதான், ஆனால் பல வருடக் குழப்பம் இந்த ஏழு பக்கத்தில் தீர்ந்துவிடும். பக்கத்தைப் பார்த்தால் தெரியும்: காலை எட்டரைக்கு ஒரு காபி, பதினொன்றுக்கு இன்னொரு காபி, மதியம் மூன்று மணிக்கு ஒரு பெரிய சாப்பாடு, இரவு "பசிக்கலை" என்று ஒரு வாழைப்பழம். அந்த மூன்று மணித் தட்டைப் பார்த்துத்தான் "நான் நிறையச் சாப்பிடுகிறவன்" என்ற நம்பிக்கையே வந்திருக்கும். மொத்தம் 1,700 கலோரிகூடத் தேறாது. எடை அசையாமல் நிற்கிற காலத்தில் உங்கள் ஏழு நாள் சராசரி எவ்வளவோ, அதுதான் உங்கள் உடம்பின் தினச் செலவு. புத்தகச் சூத்திரம் எதுவும் இதைவிடத் துல்லியமாக இருக்காது. அதற்கு மேல் 300 முதல் 500 கலோரி. தினம் 500 என்றால் வாரத்துக்கு 3,500. ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று வைத்தால், வாரம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறும். அதைவிட வேகமாக ஏற்றினால் ஏறுவதில் பெரும்பகுதி தொப்பைதான்.

இந்த 500-ஐச் சோற்றால் மட்டும் நிரப்பப் பார்ப்பதுதான் அடுத்த தவறு. வேகவைத்த சோறு 100 கிராமில் 130 கலோரி, மீதி பெரும்பாலும் தண்ணீர். 500 கலோரிக்கு தினமும் கிட்டத்தட்ட 400 கிராம் சோறு கூடுதலாகப் போக வேண்டும், சின்ன வயிறு அதைத் தாங்காது. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. ஆகவே தட்டைப் பெரிதாக்க வேண்டாம், அதே தட்டை அடர்த்தியாக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சமைத்த உணவில் கலந்தால் 120 கலோரி, சாப்பிடுகிறபோது வித்தியாசமே தெரியாது. 30 கிராம் வேர்க்கடலை 170. ஒரு முட்டை 70-க்குச் சற்று மேல். மூன்றும் சேர்ந்தால் 360, வயிற்றில் அடைக்கிற இடமோ ஒரு கைப்பிடி. உலர்திராட்சையும் பேரீச்சையும் 100 கிராமுக்கு 300-ஐ ஒட்டி வரும். எண்ணெய், கொட்டை வகைகள்தான் முதல் தேர்வாக இருக்கட்டும். "எடை கூட்டத்தானே, எதுவானால் என்ன" என்று பொரித்ததும் குளிர்பானமுமாக இறங்கினால் எடை ஏறும், கூடவே ஒல்லிக் கையும் தொந்தியுமாக ஒரு உடம்பு வரும். ஒல்லியானவருக்கும் கொலஸ்ட்ரால் ஏறும் என்பதைப் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

கடிக்க முடியாதபோது குடிக்கலாம். திரவமாகப் போகிற கலோரி வயிற்றைத் திடப்பொருள் அளவுக்கு நிறைப்பதில்லை, உடம்பு இளைக்க நினைப்பவருக்குத் தொல்லையான இந்தக் குணம் நமக்கு வரம். முழுக் கொழுப்புப் பால் 250 மில்லி, ஒரு வாழைப்பழம், பீனட் பட்டர் இரண்டு மேசைக்கரண்டி, பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி: அடித்துக் குடித்தால் சுமார் 520 கலோரி, 20 கிராம் புரதம். டப்பா பவுடர் செய்வதாகச் சொன்ன வேலையை இந்த ஒரு டம்ளர் செய்துவிடும். பீனட் பட்டரை முதல் வாரமாவது தராசில் வைத்து அளந்து போடுங்கள். தலைதட்டிய கரண்டி 16 கிராம், கூம்பாக எடுத்தால் 25 தாண்டும். அவசரத்தில் கரண்டி நுனியில் எடுத்தால் 8தான். "தினமும் குடிக்கிறேன், ஏறலை" என்பவர்களின் கரண்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எப்போது குடிப்பது என்பதும் முக்கியம். சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னால் குடித்தால் அடுத்த வேளைப் பசி செத்துவிடும், ஏனென்றால் கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். இரவுச் சாப்பாடு முடிந்து ஒன்றரை, இரண்டு மணி கழித்து, படுக்கப் போகும் முன் குடிப்பதுதான் பெரும்பாலோருக்குச் சரிப்படுகிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மாலையிலேயே முடித்துவிடட்டும். பல் தேய்க்காமல் படுக்க வேண்டாம்.

புரதம் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் போதும். 50 கிலோக்காரருக்கு 60 முதல் 80 கிராம். அதற்கு மேல் அடைத்தால் தசை கூடுதலாக வந்துவிடாது, பசிதான் அடங்கும். பச்சை முட்டையை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பது வீரம் மாதிரித் தெரியும், லாபமில்லை. பச்சை முட்டைப் புரதத்தில் பாதியைத்தான் உடம்பு எடுத்துக்கொள்கிறது, வேகவைத்ததில் பத்தில் ஒன்பது பங்கு. சால்மோனெல்லா கிருமி வந்து வயிற்றுப்போக்கானால் ஒரு மாத உழைப்பு மூன்று நாளில் போய்விடும்.

இரண்டாவது வாரத்தில் பலர் கைவிடுகிறார்கள், காரணம் வயிறு. உப்புசம், வாயு, சாப்பிட்டு முடித்ததும் ஒரு பாரம். 500-ஐயும் ஒரே நாளில் ஏற்றாமல், முதல் வாரம் 200, அடுத்த வாரம் 350, பிறகு 500 என்று போனால் பாதி தொல்லை வராது. பால் குடித்த ஒன்றிரண்டு மணியில் வயிறு கடமுடவென்றால் அது பாலிலுள்ள லாக்டோஸ் என்கிற சர்க்கரை ஒத்துக்கொள்ளாததால் இருக்கலாம். தயிருக்கு மாறுங்கள், அல்லது 100 மில்லியாகப் பிரித்துக் குடியுங்கள். சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரு செம்புத் தண்ணீர், சூப், பெரிய கிண்ணம் பச்சைக் காய்கறி, இவையெல்லாம் இளைப்பவருக்கான உத்திகள். நீங்கள் காய்கறியைச் சாப்பாட்டின் கடைசியில் வையுங்கள், விட்டுவிட வேண்டாம், விட்டால் மலச்சிக்கல் வந்து பசி இன்னும் குறையும். டீ, காபியைச் சாப்பாட்டை ஒட்டிக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்தும் சரியாகச் சேராது. சிகரெட் பசியைக் கொல்லும், விட்டவர்களுக்கு எடை ஏறுவது அதனாலும்தான். பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். ஓரிரு மாதத்தில் அந்த நேரத்துக்குப் பசி தானாக வரத் தொடங்கும்.

சாப்பாடு மட்டும் ஏறி, உடம்புக்கு வேலை கொடுக்காவிட்டால் கூடுவது பெரும்பாலும் கொழுப்புதான். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாற்பது நிமிடம் போதும். உட்கார்ந்து எழுவது, தரையில் கை ஊன்றித் தண்டால், கனமான பையை இடுப்பு வரை இழுத்துத் தூக்குவது, முதுகை நேராக வைத்து இடுப்பில் மட்டும் மடங்கிச் சுமை எடுப்பது. ஒவ்வொன்றிலும் மூன்று சுற்று, சுற்றுக்கு 8 முதல் 12 தடவை, இன்னும் இரண்டு தடவை முடியும் என்கிற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். மூன்று சுற்றிலும் 12 வந்துவிட்டால் பையில் ஒன்றிரண்டு கிலோ கூட்டுங்கள். கூட்டாமல் ஆறு மாதம் அதே 12-ஐச் செய்பவர்களுக்கு உடம்பு மாறுவதில்லை, செய்த வேலையை நோட்டில் எழுதாததால் அது தெரிவதும் இல்லை. நீண்ட ஓட்டத்தை இந்தக் காலத்துக்கு ஒத்திவையுங்கள், அல்லது ஓடியதற்குச் சேர்த்துச் சாப்பிடுங்கள். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் மறுநாள் உடற்பயிற்சியும் சாப்பாடும் இரண்டுமே நொண்டும்.

எடை பார்ப்பது தினமும் காலையில், கழிப்பறை போய் வந்து, எதுவும் குடிக்கும் முன். எழுதிக்கொண்டு வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் பத்து நாளில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ சட்டென்று ஏறும். குதிக்க வேண்டாம். தசையில் சேமிக்கிற ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடலிலும் சாப்பாடு கூடுதலாக இருக்கும். அடுத்த இரண்டு வாரம் முள் அசையாது, பழைய விரக்தி திரும்ப வரும் இடம் இதுதான். அந்த நாட்களில் தராசை விட்டு டேப்பை எடுங்கள்: தொப்புள் மட்டத்தில் இடுப்பு, மேல்கை, தொடை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. இடுப்பு மட்டும் வேகமாகப் பெருத்து கை நின்ற இடத்திலேயே நின்றால் 150 கலோரி குறைத்து, உடற்பயிற்சி நோட்டைத் திருப்பிப் பாருங்கள். மூன்று வாரச் சராசரி அசையவே இல்லை என்றால் 150 முதல் 200 கூட்டுங்கள். மூன்று நாலு கிலோ ஏறிய பிறகு இது கட்டாயம் வரும், ஏனென்றால் பெரிதான உடம்புக்குத் தினச் செலவும் பெரிது. ஆரம்பத்தில் கூடுதலாக இருந்த 500 இப்போது அன்றாடச் செலவுக்கே சரியாகப் போய்க்கொண்டிருக்கும்.

நடுவில் ஒரு காய்ச்சல் வரும். ஐந்து நாள் கஞ்சியும் தண்ணீருமாகக் கிடந்து எழுந்தால் இரண்டு கிலோ காணாமல் போயிருக்கும், நாலு மாதம் வீண் என்று அழுகையே வரும். அதில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரும் காலிக் குடலும்தான். காய்ச்சல் விட்ட முதல் இரண்டு நாள் பழைய அளவில் பாதி, அடுத்த மூன்று நாள் முக்கால், அதன் பிறகு முழு அளவு. சுமை தூக்குவதை ஒரு வாரம் கழித்து, விட்ட எடையைவிடக் கொஞ்சம் குறைத்துத் தொடங்குங்கள். அந்த வாரத்து எண்களை நோட்டில் அடிக்காமல் அப்படியே விட்டு வையுங்கள். அடுத்த காய்ச்சலில் இரண்டு கிலோ இறங்கும்போது, போன தடவை எத்தனை நாளில் திரும்பியது என்று பார்க்க அந்தப் பக்கம் வேண்டும்.